கேள்விக்கு முன்னால் ஒரு வெர்னியர்

எங்கள் இன்டர்வியூ அறை மேஜையில் மூன்று பொருள்கள் இருக்கும்: ஒரு வெர்னியர் காலிப்பர், லேத்தில் கடைந்த ஒரு ஸ்டெப் ஷாஃப்ட், அந்த ஷாஃப்டின் டிராயிங். உள்ளே வந்து உட்கார்ந்த பையன் ஃபைலைத் திறக்கப் போவான். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்ப்பா. முதல்ல இந்த இருபத்தஞ்சு டயாவை அளந்து சொல்லு" என்பேன். அவன் அளந்து முடிப்பதற்குள் எங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டர்னராகச் சேர்ந்து, செட்டராகி, சூப்பர்வைசராகி, கடைசியில் புரொடக்ஷன் மேனேஜராக ஓய்வு பெற்றவன் நான். 1964இல் தொடங்கிய பேட்டை அது. கார், லாரி, டூவீலர் பாகங்கள் கடைந்து கொடுக்கும் சின்னதும் நடுத்தரமுமான கம்பெனிகள் அங்கே ஏராளம். எச்.ஆர். ஆட்களோடு உட்கார்ந்து புதிதாக ஆள் எடுப்பதும் என் பொறுப்பில் ஒன்றாக இருந்தது. வருகிறவர்கள் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் என்று இரண்டு வருடம் படித்தவர்கள். இல்லையென்றால் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்தவர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், ராமநாதபுரம் என்று எங்கிருந்தோ ராத்திரி பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையை அங்கேயே மாற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். பலருக்கு அதுதான் முதல் இன்டர்வியூ. அவர்களைப் போன்றவர்களுக்காகவும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

வெர்னியருக்கு வருகிறேன். பழகிய கை எடுத்த எடுப்பில் அளக்காது. மேஜை ஓரத்தில் பனியன் வேஸ்ட் கிடக்கும். அதை எடுத்து முதலில் இரண்டு ஜாவையும் துடைக்கும். மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கும். சைபர் சைபரோடு நேராக நிற்கிறதா என்று பார்க்கும். அதன் பிறகே ஷாஃப்டைத் தொடும். ஒரே இடத்தில் அளக்காமல், ஷாஃப்டைத் திருப்பி இன்னொரு இடத்திலும் அளக்கும். இதையெல்லாம் யாரும் இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து பழக முடியாது. வொர்க்‌ஷாப் பீரியடில் ரெக்கார்டு நோட்டு மட்டும் எழுதிவிட்டு நழுவியவன் யார், நின்று வேலை பார்த்தவன் யார் என்பதை அந்த ஒரு நிமிடம் காட்டிக்கொடுத்துவிடும்.

அளந்தவனிடம் லீஸ்ட் கவுன்ட் கேட்போம். "0.02 எம்.எம். சார்" என்று எல்லோருமே சொல்வார்கள். "ஏன் 0.02?" என்றால்தான் பேச்சு நிற்கும். மெயின் ஸ்கேலின் 49 மில்லிமீட்டரை வெர்னியரில் 50 பாகமாகப் பிரித்திருக்கிறது. ஒரு பாகம் 0.98, ஒன்றில் அது போனால் மீதி 0.02. இவ்வளவுதான். இது தெரியாதவன் "24.99 வருது சார்" என்பான். 0.02 வெர்னியரில் கடைசி எண் ஒற்றைப்படையாக வராது. 24.98 வரலாம், 25.00 வரலாம். 24.99 என்றால் அவன் அளக்கவில்லை, டிராயிங்கைப் பார்த்து ஒப்பேற்றுகிறான் என்று அர்த்தம்.

அந்த டிராயிங்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கும். விட்டம் 25, டாலரன்ஸ் கூட்டியோ குறைத்தோ 0.02. விட்டுக்கொடுத்திருக்கும் அளவே கருவியின் லீஸ்ட் கவுன்ட் அளவுதான். அதை வைத்துக்கொண்டு இந்தப் பீஸ் சரி, இது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. "சார், இதுக்கு வெர்னியர் பத்தாது. மைக்ரோமீட்டர் கொடுங்க" என்று ஒரு ஐ.டி.ஐ. பையன் கேட்டான். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குவாலிட்டி மேனேஜர் ஒரு வார்த்தை பேசாமல் மதிப்பெண் தாளில் முழு மார்க் போட்டார். வரும் கேள்விக்கு விடை சொல்வது ஒரு படி. கேள்வியில் இருக்கும் கோளாறைக் கண்டு மரியாதையாகச் சொல்வது அதற்கு மேல் படி. தொழிற்சாலைக்கு வேண்டியவன் அவன்தான்.

இதற்குப் பிறகுதான் "உன்னைப் பத்திச் சொல்லுப்பா" என்போம். உடனே ஒரு மனப்பாடம் புறப்படும். "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்து, ஊர், அப்பா தொழில், அம்மா ஹோம் மேக்கர், ஹாபி கிரிக்கெட், ஸ்ட்ரெங்த் ஹார்டு வொர்க், வீக்னஸ் எல்லோரையும் சீக்கிரம் நம்பிவிடுவேன் என்று முடியும். ஒரே காலேஜில் படித்த பத்துப் பேர் வந்தால் பத்துப் பேருக்கும் அதே பலம், அதே பலவீனம். நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் தேர் நிலைக்கு வராமல் நடுத்தெருவில் நிற்கிற மாதிரி நின்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பயிற்சி கொடுத்தவர்கள் இதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் கேட்கிற எங்களுக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பதில், "நான் டர்னர் முடிச்சிருக்கேன் சார். லேத்துல டேப்பர், திரெட் ரெண்டும் தனியாப் போடுவேன். மில்லிங்ல அனுபவம் கம்மி" என்று மூன்று வாக்கியம் சொன்னால் போதும். அடுத்த கேள்வி எங்கே வரும் என்பதை அவனே முடிவு செய்துவிட்டான் என்று பொருள்.

டிப்ளமோ பிள்ளைகளின் ரெஸ்யூமில் ப்ராஜெக்ட் என்று ஒன்று இருக்கும். அதில் கணிசமானவை காசு கொடுத்துக் கடையில் வாங்கியவை என்பது எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒரு முறை கடலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். நியூமேட்டிக் பேப்பர் கட்டிங் மெஷின் என்று எழுதியிருந்தான்.

"இதுல நீ என்ன செஞ்சே?"

"உண்மையைச் சொல்லணும்னா, மெஷின் வெளியில வாங்கினது சார். பேஸ் பிளேட்ல நாலு ஹோல் போட்டு டேப் பண்ணினது மட்டும் நான்."

எச்.ஆர். அதிகாரி பேனாவை மூடிவிட்டார். நான் விடவில்லை.

"சரி, அந்த நாலு ஹோலைப் பத்திச் சொல்லு."

சொன்னான். மார்க்கிங் புளூ பூசி ஸ்கிரைபரால் கோடு கிழித்தது, கோடுகள் வெட்டும் இடத்தில் சென்டர் பஞ்ச் அடித்தது, முதலில் சின்ன டிரில்லால் பைலட் ஹோல், பிறகு எட்டரை டிரில்.

"ஏன் எட்டரை?"

"எம்.10 திரெட் சார். பிட்ச் ஒன்றரை. பத்துல ஒன்றரை போனா எட்டரை."

"டேப் எப்படி ஓட்டினே?"

"முன்னாடி கொஞ்சம் திருப்பினா, பின்னாடி கால் சுத்துத் திருப்பணும் சார், சிப் உடையறதுக்கு. முதல் ஹோல்ல அப்படிச் செய்யாம டேப்பை உடைச்சிட்டேன். இன்ஸ்ட்ரக்டர்கிட்ட நல்லாத் திட்டு வாங்கினேன்."

மூடிய பேனா மறுபடி திறந்தது. அந்தப் பையனை எடுத்தோம். மூன்று வருடத்தில் அவன் தன் கையால் உருப்படியாகச் செய்தது நாலு ஓட்டைதான் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு ஓட்டையைப் பற்றி அடி முதல் நுனி வரை அவனுக்குத் தெரிந்திருந்தது. மீதியை நாங்கள் சொல்லிக்கொடுக்க முடியும். செய்யாத மெஷினைச் செய்ததாகச் சொல்லி அளந்துவிட்டிருந்தால், கம்ப்ரஸர் பிரஷர் எவ்வளவு, சிலிண்டர் போர் எவ்வளவு என்று இரண்டாவது கேள்வியிலேயே மாட்டியிருப்பான்.

சி.என்.சி. தெரியும் என்று வருகிறவர்களுக்கும் இதே கதிதான். ஜி02 கிளாக்வைஸ், ஜி03 ஆன்டி கிளாக்வைஸ், எம்03 ஸ்பிண்டில் ஓடும், எம்30 புரோகிராம் முடியும் என்று கோடு எல்லாம் ஒப்பிப்பார்கள். "வொர்க் ஆஃப்செட் எப்படி எடுப்பே? மெஷின் முன்னாடி நிக்கிறதா நினைச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாச் சொல்லு" என்றால் பட்டன் அழுத்தியவன் யார், புத்தகம் படித்தவன் யார் என்று பிரிந்துவிடும். "ஃபேனக் கன்ட்ரோல்தான் ஓட்டியிருக்கேன் சார், சீமன்ஸ் தொட்டதில்லை" என்று சொன்னவர்களை இதற்காக நாங்கள் ஒதுக்கியதே கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவனை நம்பி மெஷினைக் கொடுக்கலாம்.

என் கையில் ஒரே ஒரு கேள்விதான் என்று யாராவது கட்டுப்படுத்தினால் இதைத்தான் கேட்பேன்: "சி.என்.சி. லேத்துல 25 டயா ஓடிக்கிட்டிருக்கு. அளந்து பார்த்தா 25.03 வருது. என்ன செய்வே?"

பெரும்பாலோர் சொல்லும் பதில்: "வியர் ஆஃப்செட்ல எக்ஸ் மைனஸ் 0.03 போடுவேன் சார்." தப்பில்லை, ஆனால் அரைக்கிணறு. "இதுக்கு முன்னாடி ஓடின பீஸ்?" என்று அடுத்துக் கேட்பேன். கடைசியாக அளந்து சரியாக இருந்த பீஸுக்கும் இப்போது தப்பாகியிருக்கும் பீஸுக்கும் நடுவில் ஓடியதெல்லாம் சந்தேகத்துக்குரியவை. மெஷினை நிறுத்த வேண்டும். மறுபடி அளக்க வேண்டும். நடுவில் ஓடியதைத் தனியே ஒதுக்கி அடையாளம் போட வேண்டும். சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். இன்சர்ட் முனை உடைந்ததா, ஜாப் ஆடுகிறதா என்று காரணம் பார்க்க வேண்டும். ஆஃப்செட் அதற்குப் பிறகு. வெளிவிட்டம் கூடிப் போனால் மறுபடி கடைந்து மீட்கலாம், குறைந்துபோனால் ஸ்கிராப் என்பதையும் சேர்த்துச் சொல்கிறவன் அபூர்வம். வண்டிப் பாகம் செய்கிறவர்களுக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிர்ணயத்தில், சந்தேகப் பொருளை எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்கே தனி விதி இருக்கிறது. விதி எண் யாருக்கும் தெரிய வேண்டாம். ஒரு தப்புப் பீஸ் கண்ணில் பட்டால் அதோடு போகாமல் பின்னால் திரும்பிப் பார்க்கிற புத்தி இருந்தால் போதும்.

நாங்கள் எப்போதுமே இப்படி ஒழுங்காக ஆள் எடுத்தோம் என்று சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் பேட்டையில் பல இடங்களில் "நம்ம ஊர்ப் பையனா, நம்ம ஆளுக்குச் சொந்தமா" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, "நல்ல பையனாத் தெரியறான்" என்று கையெழுத்துப் போடுவார்கள். பிறகு எச்.ஆர். பயிற்சி வகுப்பு ஒன்றில் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைப் பற்றிச் சொன்னார்கள். ஆள் எடுப்பது குறித்து 85 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவைவிட, எல்லோருக்கும் ஒரே கேள்விகளைத் திட்டமிட்டுக் கேட்கும் இன்டர்வியூ நல்ல வேலைக்காரனை நன்றாக இனம் காட்டுகிறது என்பது அதில் ஒரு முடிவு. அதற்கப்புறம்தான் ஒரே ஷாஃப்ட், ஒரே கேள்வி, மூன்று பேர் தனித்தனியே மார்க் போட்டுவிட்டு, கடைசியில்தான் பேசிக்கொள்வது என்று எங்கள் இடத்தில் முறை வந்தது. சட்டை இஸ்திரி, உட்காரும் தோரணை எல்லாம் மார்க் தாளிலிருந்து தானாக விழுந்துவிட்டன. நகம் வெட்டியிருக்கிறானா, கையில் கயிறு, மோதிரம் இருக்கிறதா என்று மட்டும் விடாமல் பார்ப்போம். சுழலும் மெஷின் பக்கத்தில் அது உயிர் விஷயம்.

இங்கிலீஷ் பற்றி எல்லோருக்கும் ஒரு பயம். லைனில் பேசுவது தமிழ்தான். கருவி, மெஷின், பாகம் இவற்றின் பெயர்தான் இங்கிலீஷ். இன்டர்வியூ ஆரம்பத்திலேயே "தமிழ்ல சொல்லலாமா சார்?" என்று கேட்டுவிட்டால் முக்கால்வாசிப் பாரம் இறங்கிவிடும். டெக்னிக்கல் ரவுண்டில் மறுக்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கிய பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்துவிட்டன. மின்னஞ்சலும் ரிப்போர்ட்டும் இங்கிலீஷில்தான் போகும். அதனால் ஒரு ஷிஃப்டில் என்ன ஓடியது, எவ்வளவு நின்றது, ஏன் நின்றது என்பதை நாலு வரி இங்கிலீஷில் எழுதப் பழகிக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சு இங்கிலீஷ் யாருக்கும் தேவையில்லை.

அரியர், படிப்பில் விழுந்த இடைவெளி ஆகியவற்றுக்கும், உள்ளதை உள்ளபடி சொல்வது என்ற அதே நியாயம்தான். "அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு, ஒரு வருஷம் கடையைப் பார்த்துக்கிட்டேன்" என்றால் மேற்கொண்டு கேள்வியே வராது. மழுப்பினால் பத்துக் கேள்வி வரும்.

திறமையெல்லாம் இருந்தும் சேரும் நாளில் தடுக்கி விழுவது எங்கே தெரியுமா? இனிஷியலில். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயரே முழுதாக. நமக்கு எல்லாம் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் எடுக்கும்போது ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிற்கும். ஆஃபர் கையில் வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு அலைவதைவிட, படிப்பு முடியும் வருடத்திலேயே எல்லாக் காகிதத்திலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டலாம். ஒப்படைத்துவிட்டு வரக் கூடாது.

பெண் பிள்ளைகள் இப்போது ஷாப் ஃப்ளோருக்கு நிறைய வருகிறார்கள். அளவெடுப்பதிலும் இன்ஸ்பெக்ஷனிலும் அவர்களுடைய ரிப்போர்ட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறேன். அவர்களிடம் "கல்யாணம் எப்போம்மா?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் உண்டு. எங்கள் கேள்வித் தாளில் அதை அடித்துவிட்டோம். ஆள் எடுப்பதில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1976இலேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது. அந்தக் கேள்வி வந்தால், "வேலையில நிலையா இருக்கத்தான் வந்திருக்கேன் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, ஷிஃப்ட் நேரம் என்ன, கம்பெனி பஸ் எங்கே வரும், ஹாஸ்டல் யார் பொறுப்பு என்று நீங்கள் கேளுங்கள். வாசலில் காத்திருக்கும் அம்மாவுக்கும் அந்தப் பதில்தான் தேவை.

கடைசியில் "ஏதாவது கேக்கணுமா?" என்போம். "ஒண்ணும் இல்ல சார்" என்பதுதான் வழக்கமான பதில். அங்கேதான் வாயைத் திறக்க வேண்டும். முதல் கேள்வி: நான் யார் ரோலில் வருகிறேன்? கம்பெனி ரோலா, கான்ட்ராக்டர் ரோலா, அப்ரெண்டிஸா? 1961ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டப்படி வருகிறவருக்குக் கிடைப்பது சம்பளமில்லை, உதவித்தொகை, அதில் பி.எஃப். பிடித்தம் கிடையாது, பயிற்சி முடிந்து தேர்வில் தேறினால் சான்றிதழ் உண்டு, முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. இது தெரியாமல் சேர்ந்துவிட்டு, முடிகிற மாதத்தில் கண்ணீரோடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கேள்வி: கையில் எவ்வளவு வரும்? சி.டி.சி. என்று வருடத்துக்குச் சொல்லும் தொகையில் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் அடங்கியிருக்கும். உங்கள் பங்காக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பி.எஃப்., மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ., கூடவே கேன்டீன், பஸ் பிடித்தம். இவை போக மீதியைக் கேளுங்கள். இதைக் கேட்டதற்காக ஒரு பையனை வேண்டாம் என்று சொன்ன கம்பெனியில் அவன் சேராமலிருப்பதே நல்லது.

வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிற புரோக்கர்கள் பேட்டை வாசலிலேயே நிற்பார்கள். யூனிஃபார்ம் டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ் என்று பெயர் மாற்றிக் கேட்பார்கள். ஒழுங்கான கம்பெனி எதுவும் ஆள் எடுப்பதற்குப் பணம் கேட்காது. கேட்டால் அது வேலை இல்லை. ஐந்து பைசாகூடக் கொடுக்காதீர்கள்.

இன்டர்வியூவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, என்ன படிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் புத்தகம் எதையும் சொல்வதில்லை. உங்கள் கையால் செய்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மெட்டீரியல், என்ன கருவி, எந்த அளவு, ஏன் அந்த அளவு, எங்கே தப்பு வரும், வந்தால் என்ன செய்வீர்கள் என்று வீட்டில் அம்மாவிடமோ தம்பியிடமோ அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். அவர்கள் குறுக்கே கேட்கும் "ஏன்?" ஒவ்வொன்றுக்கும் பதில் தேடுங்கள். அப்படி ஒரு வேலைகூடக் கைவசம் இல்லையென்றால், மனப்பாடத்தை மூடிவைத்துவிட்டு, அந்த ஒரு வாரமும் பக்கத்தில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போய் நில்லுங்கள். கூட்டிப் பெருக்கவாவது விடுவார்கள், அளக்கவும் விடுவார்கள்.